சானடோரியமா, அறுவையா, வீடா? 1950-களின் காசநோய் சிகிச்சை ஓர் ஒப்பீடு

1950-களின் நடுவில் ஒரு மருத்துவரிடம் சளியில் கிருமியோடு, எக்ஸ்ரேயில் நுரையீரல் குழியோடு ஒரு நோயாளி வந்தால், அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்துக்கு அனுப்பலாம். நெஞ்சறுவை நிபுணரிடம் அனுப்பலாம். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பலாம். மூன்றாவதைச் செய்பவர் பொறுப்பில்லாதவர் என்றுதான் அன்றைக்குப் பெரும்பாலானோர் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

முதலில் அறுவை. மருந்து இல்லாத காலத்தில் இதன் பின்னாலிருந்த யோசனை எளிமையானது: நோய் பிடித்த நுரையீரலைச் சுருங்க வைத்தால் குழி மூடும், குழி மூடினால் புண் ஆறும். இதில் லேசான முறை, நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி வழியாகக் காற்றை ஏற்றுவது. ஏற்றிய காற்றை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வாரா வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மறுபடி ஏற்ற வேண்டும். அதுவும் ஆண்டுக்கணக்கில். நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தால் இது பலிக்காது. அப்போதுதான் தொரகோபிளாஸ்டி. முதுகுப் பக்கமாகத் திறந்து, ஏழெட்டு விலா எலும்புகளை இரண்டு மூன்று கட்டங்களாக வெட்டி எடுப்பார்கள். நோயாளியை முழுவதும் மயக்கினால் சளி நல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்ற பயம் இருந்ததால், பல இடங்களில் அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்தே செய்தார்கள். எலும்பு வெட்டும் சத்தத்தைக் கேட்டபடி நோயாளி விழித்திருப்பார். பிழைத்தவர்களுக்குத் தோள் சரிந்து, முதுகெலும்பு வளைந்து நிற்கும். இதைக் கொடூரம் என்று சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. வேறு எதுவும் கைகொடுக்காத நோயாளிகளில் கணிசமானோருக்கு அது உண்மையிலேயே சளியைக் கிருமியற்றதாக்கியது. ஆனால் இரண்டு பக்கமும் நோய் பரவியவருக்கும், உடல் தாங்காதவருக்கும் அதில் இடமில்லை. தேர்ந்த அறுவை நிபுணர் எத்தனை ஊரில் இருந்தார் என்ற கேள்வி வேறு.

அடுத்தது சானடோரியம். காற்று, ஓய்வு, சாப்பாடு. தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் தொடங்கிய டாக்டர் சவரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே கொஞ்ச காலம் அவருடைய நோயாளியாக இருந்தார். (ராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா, கல்லீரலில் அமீபா தொற்றா என்று பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தது தனிக்கதை.) சானடோரியத்துக்கு ஆதரவாகப் பேச நிறைய உண்டு. நோயாளிக்கு மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்தது, வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது, வீட்டில் குழந்தைகள் தப்பினார்கள் என்ற நிம்மதி கிடைத்தது. ஆனால் படுக்கை ஓய்வு மட்டும் எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் வெளியிட்ட, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்தைப் பற்றிய ஆய்வு பதில் சொன்னது. ஆறு மாதத்தில், ஓய்வோடு ஊசியும் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். இத்தோடு இன்னொன்றும் தெரிந்தது: ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடுகிறது. பி.ஏ.எஸ். என்ற இன்னொரு காசநோய் மருந்தைக் கூடச் சேர்த்ததும், 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்ததும்தான் இந்தச் சிக்கலைத் தீர்த்தன.

மருந்து வந்த பிறகு கேள்வியே மாறிப்போனது. குணமாக்குவது மருந்து என்றால், கட்டில் எதற்கு? பணக்கார நாடுகளில் இந்தக் கேள்விக்கு அவசரமில்லை, கட்டில்கள் இருந்தன. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்கள் ஆயிரக்கணக்கில் மட்டும்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு. 1959-ல் வந்த முடிவு: நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92%, வீட்டில் 86%. நெரிசலான ஒற்றை அறையில், குறைந்த சாப்பாட்டில், நடமாடிக்கொண்டே இருந்தவர்கள் இவ்வளவு நெருக்கத்தில் வருவார்கள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அடுத்த சில ஆண்டுகள் கண்காணித்தபோதும் வீட்டில் சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் அதிகமாகத் திரும்பவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது குடும்பத்தாரைப் பற்றிய முடிவு. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் கூடுதலாக யாருக்கும் நோய் தொற்றவில்லை. யோசித்தால் காரணம் புரியும். தொற்ற வேண்டியது, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, அந்த இருமல் மாதங்களில் தொற்றிவிட்டது. மருந்து தொடங்கியதும் சளியின் வீரியம் வேகமாகக் குறைகிறது. காசநோய் என்றாலே தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வழக்கத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த பதில் இது.

ஆனால் ‘வீடு’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நாளைக்குப் பத்து கிராம் பி.ஏ.எஸ். விழுங்குவது லேசுப்பட்டதில்லை. குமட்டும், வயிற்றால் போகும். அதனால் சேத்துப்பட்டு ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கி வந்து சோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு சில துளி விட்டால், மருந்து உள்ளே போயிருந்தால் சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறவில்லையென்றால் நோயாளி மருந்தைத் தவிர்த்திருக்கிறார். அந்த 86%-க்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது. நோயாளி கையில் மாத்திரையைக் கொடுத்து ‘அடுத்த மாசம் வா’ என்று அனுப்புவதற்கு யாரும் இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அந்த மையமே அடுத்து, வாரம் இரண்டு முறை ஊழியர் கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வேர் அங்கேதான்.

சரி, மூன்றில் எது? மருந்துக்கு அடங்கும் சாதாரண நுரையீரல் காசநோய்க்கு வீடுதான், சந்தேகமே இல்லை. குடும்பத்தைப் பிரிக்காமல், ஊரை விட்டு அனுப்பாமல் குணமாக்க முடிந்தது என்பது நான் அறிந்த மருத்துவ வரலாற்றின் பெரிய கருணைகளில் ஒன்று. அறுவை முழுக்க மறையவில்லை. மருந்துக்கு மசியாத நோய் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது இன்றும் உண்டு.

சானடோரியம் தோற்ற விதத்தில்தான் எனக்கு ஒரு குறை. சென்னை ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை தெளிவாகவே கூடுதலாக ஏறியது. ஆனால் கிருமி ஒழிந்ததில் பெரிய வித்தியாசமில்லை என்பதால், சாப்பாடு இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்தக் கணக்கு அவசரமானது. 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்குச் சத்தான உணவு கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40% குறைந்தது. நோயாளிகளிலும், ஆரம்ப மாதங்களில் எடை ஏறியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. கட்டிலோடு சேர்த்துத் தட்டையும் தூக்கி எறிந்திருக்கிறோம்.

கட்டிலும் திரும்பி வந்திருக்கிறது, சரியான ஆளுக்காக. தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே நோயாளியின் உயரமும் எடையும் பார்க்கிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள், விரலில் ஆக்சிஜன் அளக்கிறார்கள், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். இவற்றில் தேறாதவரை விரிவான பரிசோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் மருந்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.