புரொக்ஸ்மொக்ஸ்: சம்மாந்துறை அரிசி ஆலையில் ஆறு போகம்

சம்மாந்துறையில் ஹாஜியார் ஒருவரின் அரிசி ஆலைக்கு நான்தான் கொம்பியூட்டர் பார்க்கிறேன். 2022 சிறுபோக அறுவடைக்கு முன், பாவித்த டவர் சேர்வர் ஒன்றை வாங்கி அதில் புரொக்ஸ்மொக்ஸ் 7 போட்டேன். ஒரே பெட்டிக்குள் பல கொம்பியூட்டர்களை ஓடவிடும் மென்பொருள் அது. இப்போது ஆறு போகம் தாண்டிவிட்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக நிறுவிய அன்றே எழுதிவிடுகிறார்கள். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். நான் ரேம் காலை வாரிய இரண்டு நாட்களைப் பற்றி எழுதப்போகிறேன். ஒரு நாள் என் பிழை, மற்ற நாள் ரேம் குச்சியின் பிழை.

சாமான் இதுதான்: பழைய ஸியோன் சேர்வர், 8 ஜிபி இசிசி ரேம் (தன் பிழையைத் தானே திருத்தும் ரேம்) நான்கு, ஆக 32 ஜிபி. அந்தப் பெட்டிதான் ஹோஸ்ட், உள்ளே மூன்று கெஸ்ட், அதாவது அதற்குள் ஓடும் மூன்று போலிக் கொம்பியூட்டர்கள். கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் சேர்வருக்கு 12 ஜிபி, கமராப் பதிவு செய்யும் லினக்ஸுக்கு 8, லொறித் தராசின் பழைய மென்பொருளுக்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கும் ஒரு விண்டோஸுக்கு 4. உமித் தூசிக்குப் பயந்து பெட்டியைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருக்கிறோம்.

நிறுவுவது அரை மணி நேர வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டெபியன் என்ற லினக்ஸின் மேல், கெஸ்டுகளை ஓடவிடும் கேவிஎம், எல்லாவற்றையும் உலாவியில் இருந்தே பார்க்கலாம், காசும் இல்லை. ஒரே ஒரு எரிச்சல்: ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் உங்களிடம் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி எழும்பும். ஒரு நாள் ஹாஜியார் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டு, "என்ன மனே, இது களவுச் சாமானா?" என்று கேட்டார். திறந்த மூல உரிமம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த ஒரு பிளேன்டீ முடிந்தது.

சரி, ரேமுக்கு வருவோம்.

ஆலையில் நெல்லைப் போட்டுவிட்டுத் துண்டு வாங்கிப் போகும் கமக்காரரை இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கெஸ்டுக்கு 12 ஜிபி என்று எழுதிக் கொடுப்பதும் அப்படி ஒரு துண்டுதான். கெஸ்ட் அதை உண்மையான ரேம் என்று நம்புகிறது. ஹோஸ்டுக்கோ அது கியூஎமு என்ற ஒரு சாதாரண புரோசஸின் மெமரி; கெஸ்டுக்குப் போலிச் சாதனங்களைக் காட்டுவதும் அதுதான். கெஸ்ட் ஒரு பக்கத்தை (ரேமின் 4 கேபி கூறு ஒன்றை) முதன்முதலாகத் தொடும்போது, எந்தப் பக்கம் உண்மை ரேமில் எங்கே என்று காட்டும், இன்டெல்லில் ஈபிடி எனப்படும் இரண்டாவது பக்க அட்டவணையில் அதற்குப் பதிவு இருக்காது. உடனே சிபியு கெஸ்டை நிறுத்திவிட்டு வெளியே வருகிறது, இதைத்தான் ஃபோல்ட் என்பது. கேவிஎம் அந்த முகவரி யாருடையது என்று பார்த்து, ஹோஸ்டிடம் ஒரு பக்கம் வாங்கி, அட்டவணையில் எழுதிவிட்டு, விட்ட கட்டளையிலேயே கெஸ்டைத் திரும்ப ஓடவிடுகிறது. நடுவில் நின்றது கெஸ்டுக்குத் தெரியவே தெரியாது. அந்த முகவரிக்கு ரேமே ஒதுக்கியிருக்காவிட்டால், அது ஏதோ போலி நெட்வேர்க் கார்ட்டின் முகவரி என்று எடுத்துக்கொண்டு வேலையை கியூஎமுவிடம் தள்ளிவிடும்.

விண்டோஸுக்குள்ளே ஒரு மென்பொருள் தன் பக்கத்தைத் தேடி விழுத்தும் ஃபோல்ட் வேறு. அதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும், ஹோஸ்டுக்குச் செய்தியே வராது. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2007 பெப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 உடன் கேவிஎம் வந்தபோது, கெஸ்டின் அட்டவணைக்கு நிழல் அட்டவணை ஒன்றை ஹோஸ்ட் தானே எழுதிப் பராமரிக்க வேண்டியிருந்தது. அட்டவணையைக் கெஸ்ட் மாற்றும்போதெல்லாம் ஹோஸ்டுக்கு வேலை. ஏஎம்டி 2007இலும் இன்டெல் 2008இலும் அந்தச் சுமையைச் சிப்புக்குள்ளேயே கொண்டுபோனார்கள். அதற்கும் ஒரு கூலி உண்டு: நான்கு தட்டு அட்டவணையில் ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க, வெறும் மெஷினில் நான்கு தரம் மெமரியைத் தொட வேண்டும், கெஸ்டுக்குள் அது மோசமான நிலையில் 24 தரம். 2 எம்பி பெரிய பக்கங்களைப் போட்டால் குறையும். எங்கள் கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே அதற்குமேல் நான் நோண்டவில்லை.

இனி என் பிழை. 2024 மாசி, பெரும்போக அறுவடை, லொறி வரிசை ரோட்டு வரைக்கும் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, புதிதாக ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்க 6 ஜிபியில் நான்காவது கெஸ்டைக் கிளப்பினேன். மொத்தம் 30 ஜிபிக்குத் துண்டு எழுதியாயிற்று. 32 இருக்கிறதே, போதும்தானே? போதாது. டிஸ்க்குக்கு நான் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் போட்டிருந்தேன். அப்போது அது தன் கேஷுக்கு, அதாவது டிஸ்க்கில் படித்ததை வைத்திருக்கும் இடத்துக்கு, ஹோஸ்ட் ரேமில் பாதி வரை எடுத்துக்கொண்டது. புரொக்ஸ்மொக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவினால் பத்து வீதத்தில் மட்டுப்படுத்திவிடுகிறார்கள். நான் 7இல் இருந்து மேலேறி வந்தவன், எனக்குப் பழைய பாதிதான். கேட்டால் விட்டுக்கொடுக்கும் கேஷ்தான், ஆனால் கேட்ட கையோடு விட்டுக்கொடுக்காது. போதாததற்கு, விண்டோஸ் தொடங்கும்போதே தன் ரேம் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பும். அதாவது துண்டு வைத்திருந்த ஆட்கள் எல்லாரும் ஒரே காலையில் சாக்கோடு வந்து நின்றார்கள்.

ஃபோல்ட் வந்தது, ஹோஸ்டிடம் கொடுக்கப் பக்கம் இல்லை. லினக்ஸ் கேர்னல் இந்த நிலையில் அனேகமாக மெமரியை அதிகம் தின்னும் புரோசஸைத்தான் கொல்லும். எங்கள் பெட்டியில் அது எது? கணக்கு ஓடும் விண்டோஸ். திரையில் நீலம்கூட வரவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கினது போல ஆள் இல்லை. கணக்கப்பிள்ளை அண்ணன், "தம்பி, கணக்கு முழுக்கக் காணாமல் போச்சு" என்று ஃபோன் எடுத்தார். கணக்கு போகவில்லை, கடைசி மூன்று லொறியின் நிறைதான் போனது, தராசுச் சிட்டையைப் பார்த்துத் திரும்ப அடித்தோம்.

இதில் புரொக்ஸ்மொக்ஸுக்கு நான் புள்ளி குறைப்பது ஒரு இடத்தில்தான். இருப்பதைவிட அதிகமாக எழுதிக் கொடுத்தாலும் அது தடுக்காது. முகப்பில் ரேம் பட்டை ஒன்று இருக்கிறது, பார்க்கிறவனுக்குத்தான் அது. பலூன் என்ற வசதி இருக்கிறது. ஹோஸ்ட் ரேம் எண்பது வீதம் தாண்டினால், கெஸ்டுக்குள் பலூனை ஊதி ரேமைத் திரும்ப வாங்கும். ஆனால் அது மெதுவாக வேலை செய்யும் சாமான், திடீரென வரும் கூட்டத்துக்கு ஈடுகொடுக்காது. விண்டோஸில் அதற்கான விர்ட்டியோ டிரைவரும் போட்டிருக்க வேண்டும். டிஸ்க்கை ரேம்போலப் பாவிக்கும் ஸ்வொப் வைத்தால் கெஸ்ட் சாகாது, இழுபடும். தன் பக்கம் டிஸ்க்கில் இருந்து வரும்வரை லினக்ஸ் கெஸ்டிடம் வேறு வேலை பார்க்கச் சொல்ல கேவிஎம்முக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸுக்கு அந்தப் பாஷை தெரியாது. இப்போது நான் இசட்எஃப்எஸ் கேஷை 3 ஜிபியில் கட்டிவைத்து, பரீட்சைக் கெஸ்டைத் தூக்கி என் வீட்டு மெஷினில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது நாளுக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய பாவித்த ரேமில் ஒரு குச்சி, இரண்டு கிழமையாகத் திருத்திய பிழைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. இசிசி ஒரு பிட் பிழையைத் திருத்திவிடும், இரண்டு பிட் என்றால் கண்டுபிடிக்க மட்டும்தான் முடியும். திருத்துகிறதுதானே என்று நான் விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆலை மூடும் நேரம், கணக்கு விண்டோஸ் நீலத் திரை போட்டுத் தானே மறுபடி தொடங்கியது. பக்கத்தில் கமரா கெஸ்ட் ஒரு ஃபிரேமும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் ஹோஸ்ட் லொக்கைத் திறந்தேன். திருத்த முடியாத பிழையைச் சிபியு கேர்னலிடம் சொல்லியிருக்கிறது. கேர்னல் அந்த 4 கேபி பக்கத்தை மட்டும் நஞ்சு என்று குறித்து ஒதுக்கி, அதன் சொந்தக்காரனான கியூஎமுவுக்கு ஒரு சிக்னல் அனுப்பியிருக்கிறது. கியூஎமு சாகாமல், அதே பிழையைக் கெஸ்டின் முகவரிக்கு மாற்றி, ரேம் கெட்டுவிட்டது என்று விண்டோஸிடமே சொல்லியிருக்கிறது. எந்த முகவரியில் செருகினேன் என்று லொக்கில் ஒரு வரியும் எழுதிவைத்திருக்கிறது. உள்ளே லினக்ஸ் இருந்திருந்தால், அந்தப் பக்கத்தை வைத்திருந்த ஒரு மென்பொருளை மட்டும் கொன்றுவிட்டுத் தப்பியிருக்கக்கூடும். விண்டோஸ் படுத்துவிட்டது. மறுபடி எழும்பும்போது, கியூஎமு கெட்ட பக்கம் இருந்த இடத்தில் நல்ல பக்கத்தை வைத்துக் கொடுத்துவிடும். அதனால் அன்று பின்னேரம் வரை கணக்கு பிரச்சினை இல்லாமல் ஓடியது. ஹோஸ்ட் கேர்னலின் சொந்தப் பக்கத்தில் விழுந்திருந்தால் மூன்று கெஸ்டும் சேர்ந்தே போயிருக்கும். அந்த மட்டில் அதிர்ஷ்டம். ஆனால் 32 ஜிபி ரேமில் 4 கேபியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சாதாரண மேசைக் கொம்பியூட்டரின் இசிசி இல்லாத ரேம் என்றால், பிழை யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒரு கமக்காரரின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: புரொக்ஸ்மொக்ஸை நம்பிப் போடலாம். மிச்சம் பிடித்த காசை இசிசி ரேமில் போடுங்கள். ஹோஸ்டுக்கென்று 4 ஜிபியாவது தொடாமல் விடுங்கள். ரேம் பிழைகளைப் பதிந்துவைக்கும் ராஸ்டீமன் போட்டு, திருத்திய பிழைகளின் எண்ணிக்கையைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள். கட்டளை வரி என்றால் பயப்படுகிற ஆள் மட்டும் தனியே இதில் இறங்க வேண்டாம், ஏனென்றால் நான் மேலே சொன்ன பிழைகள் எதுவும் அந்த அழகான முகப்பில் தெரியவில்லை, எல்லாம் லொக்கில்தான் கிடந்தது.

குச்சியை மாற்றியாயிற்று. போன கிழமை ஹாஜியார் மறுபடி அந்தச் சந்தாப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேலை செய்யுது, காசைக் கட்டிப்போடுவமா?" என்று அவராகவே கேட்டார். வருடத்துக்கு இவ்வளவு, யூரோவில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார்.

"அடுத்த போகம் பாப்பம் மனே."