பாதி மட்டும் ஓடும் யூஎஸ்பி கருவி: குவிர்க்கா, புதுக் கெர்னலா, டிகேஎம்எஸ்ஸா?

லினக்ஸில் ஒரு யூஎஸ்பி கருவி அறவே ஓடவில்லை என்றால் குழப்பம் குறைவு. ஒன்று டிரைவர் இல்லை, இல்லாவிட்டால் கருவியே போய்விட்டது. உயிரை எடுப்பது பாதி ஓடும் கருவிதான். வெப்கேமில் படம் வரும், மைக் வராது. பிரிண்டர் அச்சடிக்கும், ஸ்கேன் செய்யாது. வெளி எஸ்எஸ்டி ஒழுங்காகத் திறக்கும், பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது நடுவில் தொங்கும். வைஃபை டாங்கிளைச் செருகினால் அது சிடி டிரைவ் வேஷத்தில் வந்து நிற்கும்.

தீர்வு தேடினால் பெரும்பாலும் நாலு பதில் கிடைக்கும். லினக்ஸின் மையமான கெர்னலுக்கு ஒரு குவிர்க் (கருவியின் கோணலுக்கான சலுகை) கொடு. கெர்னலையே புதிதாக்கு. வெளியிலிருந்து டிரைவர் எடுத்து, அதைத் தானாகக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வழியாக ஏற்று. விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டு அதனிடம் கருவியைக் கொடுத்துவிடு. நாலுமே சில இடங்களில் சரியான பதில்தான். நான் இவற்றை எடை போடுவது ஒரே கேள்வியை வைத்து: அடுத்த கெர்னல் அப்டேட் வந்த பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

முதலில், ஏன் பாதி? லினக்ஸ் டிரைவரைக் கருவியோடு கட்டுவதில்லை, இன்டர்ஃபேஸோடு, அதாவது கருவிக்குள் இருக்கும் தனித்தனி வேலைப் பகுதியோடு கட்டுகிறது. மைக் உள்ள வெப்கேம் வெளியே ஒரு கருவி, உள்ளே நாலைந்து இன்டர்ஃபேஸ். படத்துக்கு உரியவற்றை யூவிசிவீடியோ என்ற டிரைவர் எடுத்துக்கொள்ளும், ஒலிக்கு உரியவற்றை யூஎஸ்பி ஆடியோ டிரைவர். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. அதனால் செருகியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவத்தில் காட்டச் சொல்லும் 'டி' ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு வரி வரும். அதில் கிளாஸ் (என்ன வகை வேலை என்பது), டிரைவர், வேகம் மூன்றும் இருக்கும். வேலை செய்யாத பாதியின் வரியில் டிரைவர் இடம் காலியா, அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது சரியான டிரைவர் இருந்தும் அது திணறுகிறதா என்று பாருங்கள். எந்த வழியில் போவது என்பதில் முக்கால்வாசி இங்கேயே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் கேபிள். அதே வரியில் 480 என்று இருந்து, கருவியும் போர்ட்டும் யூஎஸ்பி 3 வகை என்றால், கேபிளில் வேகக் கம்பிகள் இல்லை அல்லது பிளக் சரியாக உட்காரவில்லை. நியாயமாக அங்கே 5000 வர வேண்டும். கெர்னல் தன் செய்திகளைப் பதியும் லாகில் -71 என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால் அது புரோட்டோகால் பிழை, -110 வந்தால் கருவி நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் டிரைவரைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகிப்பது நல்லது. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும் என்று விதி, யூஎஸ்பி 3 என்றால் 900. சொந்த அடாப்டர் இல்லாத ஹப் இதையும் பல கருவிகளுக்குப் பங்கு போடும். இன்னொன்று, யூஎஸ்பி 3 போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012இல் இதை அளந்து அறிக்கையே வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் வயர்லெஸ் மவுஸ் தத்தளித்தால் ஒரு நீட்டிப்புக் கேபிள் போதும், கெர்னலைத் தொட வேண்டாம்.

இதெல்லாம் சரி, ஆனாலும் பாதிதான் ஓடுகிறது என்றால் இனி ஒப்பீடு.

குவிர்க்

டிரைவர் சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் திணறுகிறது என்றால் இதுதான் முதல் வழி. குவிர்க் என்பது கருவியின் கோணல் குணத்துக்காகக் கெர்னல் கொடுக்கும் ஒரு சலுகை. பூட் வரியில் நாலு எழுத்து சேர்த்தால் வரும், நீக்கினால் போகும். எதையும் கம்பைல் செய்ய வேண்டாம்.

நகலெடுக்கும்போது தொங்கும் எஸ்எஸ்டிதான் இதற்கு நல்ல உதாரணம். கெர்னல் 3.15 முதல், அதாவது 2014 முதல், ஆதரவுள்ள டிஸ்க் பெட்டிகளை யூஏஎஸ் என்ற வேகமான முறையில் ஓட்டுகிறது. பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் போடும் முறை அது. பெட்டிக்குள் டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் சில பிரிட்ஜ் சிப்கள் யூஏஎஸ் தெரியும் என்று சொல்லிவிட்டு, சுமை ஏறியதும் கையை விரித்துவிடும். லாகில் அபார்ட், ரீசெட் என்று வரிசையாக விழும். யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் டிரைவர் துண்டு) குவிர்க் அளபுருவில் கருவியின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், கடைசியில் 'யூ' எழுத்து கொடுத்தால், அந்த ஒரு பெட்டி மட்டும் பழைய முறைக்குத் திரும்பும். பழைய முறையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். சின்னச் சின்ன ஃபைல்களில் வேகம் நன்றாகவே குறையும், பெரிய ஒற்றை ஃபைலில் அவ்வளவு தெரியாது. பேக்கப் டிஸ்க்குக்கு இது தாராளமாகப் போதும். அதிலிருந்தே சிஸ்டத்தை பூட் செய்கிறவர்கள் வேறு பெட்டி வாங்குவதே மேல்.

இரண்டு வெப்கேம் கதையும் இதே இனம். முதல் கேமரா ஓடும், இரண்டாவதைத் திறந்தால் 'இடம் இல்லை' என்று -28 பிழை வரும். டிஸ்க்கில் இடம் இல்லை என்று நினைத்து ஃபைல்களை அழிக்கிறவர்களும் உண்டு. இங்கே இடம் என்பது தரவு போகும் யூஎஸ்பி தடத்தின் (பஸ்) கொள்ளளவு. கேமராக்கள் பெரும்பாலும் தேவையைவிட அதிகமாகவே முன்பதிவு கேட்கும். 640க்கு 480 அளவுப் படம், நொடிக்கு 30, சுருக்காமல் அனுப்பினால் 18 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். யூஎஸ்பி 2இன் மொத்தமே ஏட்டளவில் 60 மெகாபைட், அதிலும் இப்படி முன்பதிவு செய்யக் கிடைப்பது 80 சதவீதம்தான். யூவிசிவீடியோ மாட்யூலுக்குக் குவிர்க் 128 கொடுத்தால், கேமரா கேட்டதை விட்டுவிட்டு டிரைவரே கணக்குப் போட்டு ஒதுக்கும். ஒரு பிடி இருக்கிறது: இந்தக் கணக்கு சுருக்காத படத்துக்கு மட்டும்தான். எம்ஜேபெக் என்ற சுருக்கிய வடிவத்தில் ஓடும் கேமராவுக்கு எந்தப் பலனும் இல்லை. அங்கே இரண்டாவது கேமராவை வேறு கன்ட்ரோலரின் போர்ட்டுக்கு மாற்றுவதுதான் வழி.

தூக்கப் பிரச்சினையும் இங்கேதான் வரும். கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் கருவி காணாமல் போவது, பாட்டின் முதல் அரை நொடி விழுங்கப்படுவது போன்றவை. பேட்டரி சேமிக்கும் டிஎல்பி, பவர்டாப் மாதிரி கருவிகள் ஆட்டோசஸ்பெண்டை, அதாவது சும்மா இருக்கும் கருவியைத் தூங்கவைக்கும் வசதியை, பரவலாக இயக்கிவிடுவதால் பெரும்பாலும் வருகிறது. ஆட்டோசஸ்பெண்டை மொத்தமாக அணைக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். சோதனைக்குச் சரி, நிரந்தரமாக வைப்பது சோம்பேறித்தனம். அந்த ஒரு கருவியின் பவர் கன்ட்ரோல் ஃபைலில் 'ஆன்' என்று எழுதிப் பார்த்து, சரியானால் அதற்கு மட்டும் ஒரு யூடெவ் விதி (கருவியைச் செருகும்போது தானாகச் செயல்படும் அமைப்பு) எழுதிவிடலாம்.

பராமரிப்புக் கேள்விக்குக் குவிர்க் சொல்லும் பதில் எனக்குப் பிடித்தது. உங்கள் குவிர்க் வேலை செய்கிறது என்று கெர்னல் ஆட்களுக்குத் தெரிவித்தால், அந்தக் கருவியின் எண் கெர்னலின் விதிவிலக்குப் பட்டியலிலேயே ஏறக்கூடும். அப்புறம் பூட் வரியில் உங்களுக்கு வேலையே இல்லை.

புதுக் கெர்னல்

டிரைவர் இடம் காலியாக இருந்தால் குவிர்க்கோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. அந்த இன்டர்ஃபேஸை ஓட்டத் தெரிந்த டிரைவர் உங்கள் கெர்னலில் இல்லை. புதிய கெர்னலில் இருக்கலாம்.

ரியல்டெக்கின் 8822பியூ, 8821சியூ வகை வைஃபை டாங்கிள்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் வந்த கெர்னல் 6.2இல்தான் இவற்றுக்கான யூஎஸ்பி ஆதரவு உள்ளேயே வந்தது. அதற்கு முன்பு எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாம் வெளி டிரைவரை ஏற்றச் சொல்லும். இன்றைக்கும் தேடலில் அவைதான் மேலே வருகின்றன. கெர்னல் பதிப்பைப் பார்க்காமல் அவற்றைப் பின்பற்றுவது வெட்டி வேலை.

சிடி டிரைவ் வேஷம் போடும் டாங்கிள் மட்டும் இதில் சேராது. அது தன் விண்டோஸ் டிரைவரைத் தன்னுள்ளேயே ஒரு சிடியாக வைத்திருக்கிறது. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் அதைத் தட்டி உண்மை முகத்துக்கு மாற்றும். மாற்றிய பிறகு பொருள் எண்ணே வேறாகிவிடும். டிரைவர் இருக்கிறதா என்று அந்தப் புதிய எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம், நிறுவாமலே சோதிக்கலாம். அண்மைய கெர்னல் உள்ள ஏதாவது டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் தொகுப்பின்) லைவ் இமேஜைப் பென்டிரைவில் எழுதி பூட் செய்து கருவியைச் செருகுங்கள். அங்கே ஓடினால் பதில் கிடைத்துவிட்டது. பழைய பதிப்பிலேயே புதுக் கெர்னலைப் பெற, உபுண்டு நீடித்த ஆதரவுப் பதிப்பு என்றால் எச்டபிள்யூஇ கெர்னல், டெபியன் என்றால் பேக்போர்ட்ஸ். கெர்னலோடு ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) பார்க்க வேண்டும். லாகில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால், டிரைவர் வந்துவிட்டது, அது கேட்கும் ஃபைல்தான் இல்லை. ப்ளூடூத் டாங்கிள் பட்டியலில் தெரிந்தும் எதையும் தேடிப் பிடிக்காமல் இருப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம். டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவல் இமேஜிலேயே கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைச் சேர்க்கிறார்கள். அதற்கு முந்தைய பதிப்பில் நிறுவி மேம்படுத்தி வந்தவர்கள் தங்கள் ரெபாசிட்டரி பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

புதுக் கெர்னல் வேறு எதையாவது உடைக்கக்கூடும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பழைய கெர்னல், பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவிலேயே இருக்கும், திரும்பிப் போவது ஒரு ரீபூட்தான். பராமரிப்பு டிஸ்ட்ரோவின் பொறுப்பு.

டிகேஎம்எஸ்

வெளி டிரைவரின் மூல நிரலை வைத்துக்கொண்டு, கெர்னல் மாறும்போதெல்லாம் தானாகக் கம்பைல் செய்யும் ஏற்பாடு. டெல் நிறுவனத்தில் பிறந்தது, அதனளவில் நல்ல கருவிதான். சிக்கல் டிகேஎம்எஸ்ஸில் இல்லை, அதில் ஏற்றப்படும் டிரைவரில். டிரைவர்கள் கெர்னலோடு பேசும் உள் ஏபிஐ நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. டிரைவரை எழுதியவர் ஆர்வம் இழந்துவிட்டால் ஏதோ ஓர் அப்டேட்டில் கம்பைல் தோற்கும். அது வைஃபை டிரைவராக இருந்தால் தீர்வைத் தேட இணையமும் இருக்காது. கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மாட்யூலைக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை எம்ஓகே (உரிமையாளரின் சாவிப் பட்டியல்) வழியாகப் பதிவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் கம்பைல் வெற்றி என்று வரும், மாட்யூல் மட்டும் ஏறாது.

இன்னொரு தொல்லை மெதுவாக வரும். பிறகு கெர்னலுக்குள்ளேயே அந்தக் கருவிக்கு டிரைவர் வந்துவிட்டால், இரண்டும் ஒரே இன்டர்ஃபேஸுக்குப் போட்டி போடும். ஒன்றைத் தடைப்பட்டியலில் போட்டே ஆக வேண்டும். எனவே என் கணக்கில் லைவ் சோதனை தோற்ற பிறகுதான் டிகேஎம்எஸ். மானிட்டர் மோடு (சுற்றியுள்ள வைஃபை போக்குவரத்தையெல்லாம் கேட்கும் நிலை) போன்ற சிறப்பு வசதி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

தவறான ஆள் உட்கார்ந்திருந்தால்

அந்த நாலு பதில்களில் இது வருவதே இல்லை, எனக்கோ இதுதான் சுவாரசியமானது. டிரைவர் உண்டு, கருவியும் நன்று, நடுவில் வேறொரு நிரல் கருவியைப் பிடித்து வைத்திருக்கிறது. உபுண்டு 22.04இல் சிஎச்340 சீரியல் சிப் உள்ள போர்டைச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்தது. பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அதே எண்ணைப் பயன்படுத்தும் பிரெய்ல் கருவி என்று நினைத்து அதைக் கைப்பற்றியதுதான் காரணம். லாகில் அதன் பெயரே எழுதியிருந்தது. பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை நீக்கலாம். பலர் பயன்படுத்தும் கணினி என்றால் அந்த ஒரு எண்ணுக்கான யூடெவ் விதியை மட்டும் முடக்குங்கள்.

பிரிண்டர்-ஸ்கேனரிலும் இப்படி நடக்கும். டெபியன் 11 காலத்திலிருந்து ஐபிபி-யூஎஸ்பி என்ற சேவை புதிய பிரிண்டர்களை டிரைவர் இல்லாமலே ஓட்டுகிறது. அதே பிரிண்டரைப் பழைய பிராண்டு டிரைவரும் அணுகினால் ஒருவர் 'பிஸி' என்று திருப்பி அனுப்பப்படுவார். இரண்டில் ஒன்றை வையுங்கள், முடிந்தால் ஐபிபியை. ஸ்கேன் 'சூடோ' (நிர்வாகி உரிமை) போட்டால் ஓடுகிறது, போடாவிட்டால் இல்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை, ஒரு யூடெவ் விதியில் முடிந்துவிடும். இதற்கெல்லாம் கெர்னலை மாற்றுவது தலைவலிக்குத் தலையை மாற்றுவது மாதிரி.

விர்ச்சுவல் மெஷின்

அன்றாடத் தீர்வாக இதை நான் ஏற்பதில்லை. இன்டர்ஃபேஸ் வாரியாகக் கொடுக்க முடியாது, முழுக் கருவியும் உள்ளே போய்விடும். ஓடிக்கொண்டிருந்த பாதியையும் லினக்ஸ் இழக்கும். வெப்கேம், ஒலிக் கருவிகளில் தடங்கலும் வரலாம். ஆனால் இரண்டு வேலைகளுக்கு இது அருமை. விண்டோஸில் மட்டும் ஓடும் ஃபர்ம்வேர் மேம்படுத்தியை ஒருமுறை ஓட்ட (நடுவில் கருவி தன் எண்ணை மாற்றினால் அதையும் உள்ளே அனுப்பச் சொல்லிவைக்க வேண்டும்). அப்புறம் ஒற்று வேலைக்கு: வெளியே லினக்ஸில், யூஎஸ்பி போக்குவரத்தைப் பதியும் யூஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி வயர்ஷார்க் நிரலில் பார்த்தால், விண்டோஸ் டிரைவர் கருவியிடம் என்ன பேசுகிறது என்பது பாக்கெட் பாக்கெட்டாகத் தெரியும். லினக்ஸ் டிரைவர் அனுப்பாத அந்த ஒரு கட்டளையைப் பல பேர் இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எதுவும் சரிவராமல் வேறு கருவி வாங்கும் நிலைக்கு வந்தால், மாடல் பெயரை நம்பாதீர்கள். அதே பெயரில், பெட்டியின் மூலையில் வி2, வி3 என்று மட்டும் போட்டு உள்ளே வேறு சிப் வைத்து விற்பது வைஃபை டாங்கிள்களில் சாதாரணம். மீடியாடெக் 7612யூ சிப்புக்குக் கெர்னல் 4.19 முதல் உள்ளேயே டிரைவர் இருக்கிறது. இப்படிச் சிப் பெயரை வைத்துத் தேடுங்கள். வந்ததும் எல்எஸ்யூஎஸ்பி காட்டும் எண்ணைச் சரிபாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.