ஈரசைப் பெயரடைகளுக்கு ஒரு செயலிப் பாடம்: நிறையும் குறையும்

ஆங்கிலப் பெயரடைகளில், ஒன்றைவிட மிகுதி எனக் காட்டும் கம்பேரட்டிவ், எல்லாவற்றிலும் மிகுதி எனக் காட்டும் சூப்பர்லேட்டிவ் வடிவங்களை ஓரசைச் சொற்களில் எவரும் விரைவில் பழகிவிடலாம்; மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ள சொற்களுக்குப் பெரும்பாலும் ‘மோர்’, ‘மோஸ்ட்’ போதும். நடுவில் நிற்கும் ஈரசைச் சொற்களில்தான் நாம் தடுமாறுகிறோம். அந்தப் பகுதிக்காகவே ஒரு கற்றல் செயலியின் கட்டணப் பாடத்தை மூன்று வாரம் பயின்றேன்.

விதியைச் சொல்லின் ஈற்றிலிருந்து தொடங்குவதே இப்பாடத்தின் பலம். ‘ஹேப்பி’ என்ற சொல் திரையில் வந்ததும் கடைசி எழுத்தான ‘ஒய்’ மட்டும் நிறம் மாறி ‘ஐ’ ஆகிறது. அதன் பிறகே ‘இ’, ‘ஆர்’ என்ற இரண்டு எழுத்துகளும் வந்து ஒட்ட, ‘ஹேப்பியர்’ என்று குரல் ஒலிக்கிறது. ‘சிம்பிள்’ ஏற்கெனவே ‘இ’யில் முடிவதால் ‘ஆர்’ மட்டும் சேர்வதையும், ‘நேரோ’ எந்த எழுத்தும் மாறாமல் ‘நேரோவர்’ ஆவதையும் அப்படியே கண்முன் காட்டுகிறார்கள். ‘யூஸ்ஃபுல்’, ‘கேர்லெஸ்’, ‘போரிங்’, ‘ஃபேமஸ்’ ஆகியவை ‘மோர்’, ‘மோஸ்ட்’ ஏற்பவை என்பதற்கு ஒரே பக்கம்தான், அதுவே போதுமானது.

தமிழில் ‘இதைவிட எளிது’, ‘எல்லாவற்றிலும் எளிது’ என்னும்போது பண்பைக் குறிக்கும் சொல் மாறாமல் நிற்க, ஒப்பிடப்படும் பொருளின் பெயரே உருபை ஏற்கிறது. அதனால் ‘இன்னும் எளிது’ என்று மனத்தில் எண்ணி, ‘மோர் ஈஸியர்’ என்று இரட்டித்துச் சொல்லும் பழக்கம் நம்மில் பலரிடம் ஊறியிருக்கிறது. என்னிடமும் இருந்தது. இந்தப் பிழைக்கென்றே அமைத்த வாய்மொழிப் பயிற்சி, ‘மோர்’ என்று தொடங்கிய உடனேயே நம்மை நிறுத்தி, சொல்லின் ஈற்றைக் கவனிக்கச் சொல்கிறது. இரண்டாம் வாரத்திலேயே என் நாக்கு திருந்தியது.

விடை திருத்தும் முறையில்தான் எனக்கு மனக்குறை. ‘க்ளெவரர்’ போலவே ‘மோர் க்ளெவர்’ என்பதும் சரியான வழக்கு. ‘பொலைட்’, ‘காமன்’, ‘குவையட்’ (அமைதியான) ஆகியவற்றுக்கும் இரு வடிவங்களும் உண்டு. செயலியோ ஒன்றை மட்டும் ஏற்று, மற்றதற்குச் சிவப்புக் குறி இடுகிறது. சரியாக எழுதியவரைத் தவறு என்று சொல்வது, கற்பவரின் நம்பிக்கையைக் குலைக்கும் செயல். ‘ஈகர்’ என்ற சொல், ‘க்ளெவர்’ போன்ற ஈற்றைக் கொண்டிருந்தும் ‘மோர் ஈகர்’ என்றே வரும் என்பதும், ‘அன்ஹேப்பி’ மூன்று அசை உடையதாயினும் ‘அன்ஹேப்பியர்’ ஆகும் என்பதும் பாடத்தில் எங்குமே இல்லை.

பேச்சில் தயக்கம் உள்ளவர்களுக்கு இப்பாடத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும், சிவப்புக் குறி விழும் இடங்களில் நல்ல அகராதி ஒன்றைப் பார்த்த பிறகே தம் விடையை மாற்றிக்கொள்ளட்டும்.