தண்ணீரா, சோப்பா, இன்டிமேட் வாஷா, வேப்பிலை வெந்நீரா?

கறுப்பு உள்ளாடை வாங்கிச் சில மாதம் ஆனதும் அடித்துணி மட்டும் செம்பட்டையாக வெளுத்துப்போகும். விடுதியில் தங்கிப் படிக்கும் என் அக்கா மகள் அதைப் பார்த்துப் பயந்து, ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தாள். "சித்தி, எனக்கு வெள்ளைப்படுது. துணியே வெளுத்துடுச்சு." அறைத்தோழி ஒருத்தி, அந்தரங்க இடத்தைக் கழுவவென்று விற்கிற இன்டிமேட் வாஷ் திரவத்தை வாங்கு என்றாளாம். இன்னொருத்தி சோப்புப் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னாளாம். பக்கத்தில் இருந்த என் அம்மாவோ, "எலும்பு உருகி வருது, வேப்பிலை போட்ட வெந்நீரில் கழுவச் சொல்லு" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். நான்காவதாக வெறும் தண்ணீர் என்று ஒரு கட்சி உண்டு. அதை விற்றுக் காசு பார்க்க முடியாது என்பதால் அதற்காகப் பேச ஆளில்லை.

முதலில் அந்த வெளுப்புக்குக் காரணம் நோய் இல்லை, அமிலம். மாதவிலக்கு வரும் வயதில் யோனிக்குள் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கும் (இந்த எண் 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம், மேலே போனால் காரம்). ஏறத்தாழ தயிரின் புளிப்பு. இது தற்செயலும் இல்லை. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்களான லாக்டோபேசில்லஸ்தான் அங்கேயும் குடியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பால் உட்சுவரில் சேரும் கிளைக்கோஜனிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அந்தப் புளிப்பில் வேண்டாத கிருமிகள் பெருகுவது கடினம். ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-இலேயே இந்த பாக்டீரியாக்களைப் பற்றி எழுதிவிட்டார். அந்த அமிலம்தான் துணிச் சாயத்தையும் மெல்ல மெல்ல எடுத்துவிடுகிறது.

அப்புறம் அளவு. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் வெள்ளைப்படுவது சாதாரணம். சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இழுபடும். பிறகு கெட்டியாகி வெள்ளையாகத் தெரியும். கர்ப்ப காலத்தில் கூடும். இதில் எலும்பும் இல்லை, உருகுவதும் இல்லை. கருப்பை வாயின் சளி, உதிர்ந்த செல்கள், கொஞ்சம் நீர், அவ்வளவுதான்.

இப்போது போட்டிக்கு வருவோம். ஒன்றைப் பிரித்துக்கொள்ளாமல் பேசினால் எல்லாம் குழம்பும்: உள்ளே இருப்பது யோனி, வெளியே மடிப்புகளாக இருப்பது புறப்பகுதி. உள்ளே கழுவ எதுவுமே வேண்டாம், தண்ணீர்கூட. கீழ்நோக்கி வரும் கசிவே உள்ளிருக்கும் உதிர்ந்த செல்களை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. ஆகப் போட்டி வெளிப்புறத்துக்கு மட்டும்தான்.

சோப்பை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் குளியல் சோப்புக் கட்டியின் பி.எச். 9, 10 வரை போகும். கை காலுக்கு அது பெரிய விஷயமில்லை. மடிப்புகளுக்குள் இருக்கும் மெல்லிய தோலுக்கு அது அதிகம். எண்ணெய்ப் பசையைத் துடைத்து எடுத்துவிடும். தோல் வறண்டு அரிக்கும், அரிப்பை அழுக்கு என்று நினைத்து மறுபடி சோப்புப் போடுவோம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது இன்னும் மோசம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து அங்கே தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும். சோப்பு பட்டாலே எரியும். ஐம்பதைத் தாண்டியவர்கள் இதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. முடி இருக்கும் இடத்திலும் தொடை இடுக்கிலும் வேண்டுமானால் வாசனை இல்லாத மென்மையான சோப்பு போதும்.

இன்டிமேட் வாஷ்காரர்களின் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது: "எங்களிடம் லாக்டிக் அமிலம் உண்டு, உங்கள் பி.எச்.சுக்குப் பொருத்தம்." சரி, அந்தப் புளிப்பு எங்கே தேவை? உள்ளே. பாட்டிலில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? வெளிப்புறப் பயன்பாட்டுக்கு மட்டும். உள்ளே இருக்கும் அமிலத்தைக் காட்டி வெளியே பூச ஒன்றை விற்கிறார்கள். குளியல் சோப்போடு ஒப்பிட்டால் இது மென்மையானது என்பதை மறுக்கவில்லை. ஏதாவது நுரைத்தால்தான் மனசு ஆறும் என்பவர்கள் வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கலாம். தோலுக்கு ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அந்த ரோஜா, மல்லிகை வாசனையால்தான். மற்றபடி இது தண்ணீர் செய்யும் வேலையை விலை கொடுத்து வாங்குவது. 2012-இல் அந்த இடத்தைச் சிவப்பாக்கித் தருவதாக இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு கழுவும் திரவத்தின் விளம்பரமே வந்தது. நிறத்துக்கும் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே பலர் கொதித்தார்கள்.

என் அம்மாவின் வேப்பிலை வெந்நீருக்கு வருகிறேன். ஆறவைத்து வெளியே ஊற்றினால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. சூடு அதிகமானால் வெந்துபோகும். ஆனால் இந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்பவைதான் ஆபத்து: படிகாரத் தண்ணீர், வினிகர், மூடிக்கணக்கில் ஊற்றிய கிருமிநாசினி. இதில் நம் ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. தரை துடைக்கும் லைசாலைப் பெண்கள் உள்ளே பீய்ச்சிக் கழுவிக்கொள்ள ஏற்றது என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விளம்பரம் செய்தார்கள். உள்ளே பீய்ச்சிக் கழுவும் பழக்கம் நல்ல பாக்டீரியாக்களை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகிவிடும் பாக்டீரியல் வஜினோசிஸும், கருப்பை, கருக்குழாய்த் தொற்றும் இந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம். வாடை வருகிறதே என்று கழுவி, கழுவியதால் வாடை வந்து, அதற்காக மறுபடி கழுவி, இப்படியே ஓடும்.

மிஞ்சுவது தண்ணீர். வெதுவெதுப்பாகவோ பச்சையாகவோ, தினம் ஒரு முறை குளிக்கும்போது போதும். விரலால் மடிப்புகளை மெல்ல விலக்கிக் கழுவினால் அங்கே வெண்ணெய் மாதிரி சேர்ந்திருக்கும் வெள்ளைப் படிவு வந்துவிடும். அதுவும் உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும்தான். பீர்க்கங்கூடு, நார் எதுவும் வேண்டாம். கழுவியபின் ஒற்றித் துடைத்துக் காயவிட்டு, பருத்தி உள்ளாடை போடுங்கள். தண்ணீரிலும் தப்பு செய்ய வழி உண்டு. மலம் கழித்தபின் பின்னாலிருந்து முன்னால் கையைக் கொண்டுவந்தால் குடல் கிருமியை நாமே சிறுநீர்த் துளைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம். கழிப்பறைக் கைக்குழாயின் வேகத்தை உள்ளே பாய்ச்சுவதும் பீய்ச்சிக் கழுவும் அதே கதைதான்.

ஆண்கள் இதைப் படித்து நமுட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டாம். முன்தோலுக்கு அடியிலும் அதே வெள்ளைப் படிவு சேரும். தோலைப் பின்னுக்குத் தள்ளித் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே விட்டால் தோல் இறுகி வீங்கிவிடும். சோப்பை அங்கே தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்களும் உண்டு. சின்னப் பையன்களுக்கு அந்தத் தோல் இயல்பாகவே ஒட்டியிருக்கும், இழுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு அடிக்கடி சிவந்து வெடித்தால் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

தண்ணீர் தோற்கும் இடமும் ஒன்று உண்டு. தயிர்த் திப்பி மாதிரி வந்து தாங்க முடியாமல் அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை வந்தால் பாக்டீரியல் வஜினோசிஸ். பச்சை மஞ்சளாக நுரைத்தால், உடலுறவில் தொற்றும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவரும் மாத்திரை சாப்பிட வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மாதவிலக்கு அடியோடு நின்றுபோனபின் ரத்தம் கலந்து வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இதில் எதற்கும் நான்கு கட்சியில் ஒன்றுகூட வைத்தியம் இல்லை.

அக்கா மகளுக்கு அரிப்பும் இல்லை, வாடையும் இல்லை. தூங்கு என்றேன். "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடறேன் சித்தி, நல்லா கழுவிட்டுப் போறேன்" என்றாள். அதை மட்டும் செய்யாதே என்றேன். டாக்டர் பி.எச். தாளால் தொட்டுப் பார்ப்பார், ஒரு துளியை நுண்ணோக்கியில் வைப்பார், வாடையையும் கவனிப்பார். கூச்சப்பட்டு உள்ளே எல்லாம் கழுவி, கிரீமும் தடவிக்கொண்டு போனால், அவர் பார்க்க வேண்டியதை நாமே குளியலறையில் விட்டுவிட்டுப் போகிறோம்.