10 மடங்கு டிரிப்லெட் லூப்: தேய்த்த வெள்ளி நாணயம் இதில் சிக்குமா?

பழைய வெள்ளி நாணயத்தைப் பார்த்து வாங்க ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், அது 10 மடங்கு டிரிப்லெட் லூப்பாக (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) இருக்கட்டும். 30, 60 என்று எண் பொறித்து, உள்ளே எல்.இ.டி. விளக்கும் வைத்து வருகிற லூப்புகள் பார்க்கப் பகட்டாக இருக்கும். இந்த வேலைக்கு அவை உதவாது.

முதலில் அந்த எண்ணையே நம்ப வேண்டாம். சரிபார்க்க ஓர் அடிக்கோல் போதும். 250 மி.மீ.யைப் பெருக்கத்தால் வகுத்தால் குவியத் தூரம் வரும்: 10 மடங்குக்கு 25 மி.மீ., 30 மடங்குக்கு 8 மி.மீ.யை ஒட்டி. '30×21 மி.மீ.' (30 மடங்கு, 21 மி.மீ. விட்டம்) என்று போட்ட லூப்பில், நாணயம் இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும்போதே எழுத்து தெளிவாகத் தெரிகிறதா? பொறித்த எண் பொய். நிஜமான 30 மடங்கு லூப்பை நாணயத்தை உரசுகிற அளவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அப்போது பக்கத்து வெளிச்சம் உள்ளே புகாது.

டிரிப்லெட் என்பது மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்தது. மி.மீ. கட்டம் போட்ட வரைபடத்தாளை அதில் பாருங்கள். ஓரக் கோடுகள் வளைந்தாலோ, கோட்டை ஒட்டி நீலமும் ஆரஞ்சும் படர்ந்தாலோ தள்ளிவையுங்கள். வெள்ளியில் நாளடைவில் படிகிற டோனிங் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலைக்கு, தானே நிறம் சேர்க்கிற கண்ணாடி எதற்கு? 18 மி.மீ. விட்டம் தாராளம்.

உள்விளக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் நிழல். சுற்றிலுமிருந்து ஒளி விழுந்தால் மெல்லிய கீறலுக்கு நிழலே இருக்காது, அது மறைந்துவிடும். குழல்விளக்கிலும் ஜன்னல் வெளிச்சத்திலும் இதே கதைதான். மேசை விளக்கில் ஒற்றை பல்பு, ஒரு பக்கத்திலிருந்து. நாணயத்தை விளிம்பில் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்து, லூப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாணயத்தைக் கண்ணருகே கொண்டுவர வேண்டும். லூப்பை நாணயத்தின் மேல் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பாதி நாணயம்கூடத் தெரியாது.

ஆனால் எடுத்த எடுப்பில் லூப் வேண்டாம். வெறுங்கண்ணால் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடியதால் உண்டான நுண்ணிய வரிகள்தான் லஸ்டர். சுழற்றும்போது ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிவரும். வெள்ளியின் கறுப்பைப் போக்கும், தையோயூரியா கலந்த டிப் திரவத்தில் பலமுறை முக்கியெடுத்த நாணயத்தில் கறுப்போடு இந்த வரிகளும் கரைந்துபோயிருக்கும். வெள்ளைவெளேர் என்றிருக்கும், சக்கரம் சுற்றாது. அதேபோல, தேய்ந்து நைந்த நாணயம் எழுத்திடுக்கு வரை பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். புழங்கிய வெள்ளி சாம்பல் நிறத்தில், பள்ளங்களில் இன்னும் கறுத்துத்தான் இருக்கும்.

இனி லூப். தேடுவது ஹேர்லைன்: துணியோ டூத் பேஸ்டோ போட்டுத் தேய்த்த கோடுகள். ஒரே திசையில் கற்றையாக ஓடும், வெற்றுத்தளத்தில் தொடங்கி உருவத்தின் கன்னத்திலும் ஏறும். எழுத்தின் அடியோரத்தில் துணி எட்டாததால் அங்கே மட்டும் ஒரு மெல்லிய அழுக்குப்பட்டை மிஞ்சியிருக்கும். தளம் வெள்ளை, எழுத்தைச் சுற்றிக் கறுப்பு என்றால் தேய்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நாணயம் அடிக்கும் அச்சைச் சாணை பிடித்ததால் வரும் கோடுகளும் ஹேர்லைன் போலவே தெரியும். அவை நாணயத்தில் மேடாக இருக்கும், உருவத்தின் ஓரத்தில் வந்து சட்டென்று நின்றுவிடும். ஹேர்லைன் பள்ளம். மேடா பள்ளமா என்று அறிய, பக்கத்திலிருக்கும் எழுத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்து மேடு என்பது தெரிந்ததே. விளக்கு இடப்புறம் என்றால் எழுத்தின் இடவிளிம்பு மின்னும், வலப்புறம் நிழல். கோடும் அப்படியே இருந்தால் மேடு, தலைகீழாக இருந்தால் பள்ளம். இந்த ஒரு சோதனைக்காகவே லூப்புக்குக் கொடுத்த காசு தகும். 18ஆம் நூற்றாண்டு நாணயங்களில் எடை குறைக்க அரம் போட்ட தடங்களும் உண்டு. அது நாணயச்சாலையே அச்சடிக்கும் முன் செய்தது, தடிப்பான இணைகோடுகள்.

சுழலும் கம்பி பிரஷ் போட்ட நாணயத்தில் எழுத்தின் ஓரங்களில் உலோகம் வரப்புப்போல ஒதுங்கி நிற்கும். 10 மடங்கில் தப்பாமல் தெரியும்.

டோனிங்கில் வரிசையைப் பாருங்கள். வெளிர் மஞ்சள், செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, நீலம் என்று படலம் தடிக்கத் தடிக்க நிறம் படிப்படியாக மாறும். மஞ்சளிலிருந்து நேரே நீலத்துக்குத் தாவினால் மருந்து போட்ட வாடை அடிக்கிறது. கீறலுக்குள்ளும் நிறம் படிந்திருந்தால் தேய்த்தது முன்பு, நிறம் பின்பு. கீறல் நிறத்தை வெட்டிக்கொண்டு வெள்ளையாக ஓடினால் பிந்திய வேலை.

தேய்மானத்தை மதிப்பிட லூப் அரைகுறைதான். 10 மடங்கில் எல்லா நாணயமும் அடிபட்டதாகவே தோன்றும், தரத்தைக் குறைத்துச் சொல்லிவிடுவோம். அதற்கு 5 மடங்கு நல்லது. நியூ ஆர்லியன்ஸில் அடித்த மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தில் காதுக்கு மேல் முடி மழுங்கியிருப்பது பல நேரம் அச்சு சரியாக விழாததால். அங்கே லஸ்டர் இருந்தால் தேய்மானம் அல்ல, மங்கிச் சாம்பலாக இருந்தால் தேய்மானம். தேய்த்ததா இல்லையா என்ற வித்தியாசத்தின் கனம் இன்னும் பெரிது: பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரமிடும் நிறுவனங்கள் தேய்த்த நாணயத்துக்கு தரத்தைச் சொல்லும் 70 வரையிலான ஷெல்டன் எண்ணைத் தராமல் 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடும்.

ஒரே ஒரு முறை, இரண்டு மூன்று நொடி டிப்பில் முக்கிக் கழுவிய நாணயத்தை இந்த லூப் கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. உலோக உறை சுழலும்போது அதன் முனை நாணயத்தில் பட்டால் நாமே ஒரு கீறல் போட்டவர்களாவோம். உறையை முழுக்கத் திறந்தபின் நாணயத்தை எடுங்கள். சுழல்திருகு நாளாவட்டத்தில் தளரும், கைக்கடிகாரத் திருப்புளியால் முறுக்கலாம். வில்லைகள் ஒட்டப்பட்டவை என்பதால் ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ ஊறவைக்காதீர்கள், மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். பார்த்துக்கொண்டே பேசவும் கூடாது. அவ்வளவு கிட்டத்தில் தெறிக்கிற எச்சில் துளி, சில மாதத்தில் கரும்புள்ளியாக நாணயத்தில் நிற்கும்.