மொனாட்நாக்: சுவர் தாங்கும் பாதி, சட்டகம் தாங்கும் பாதி

சுமை தாங்கும் சுவருக்கும் சட்டகக் கட்டுமானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பாடப் படங்களை வைத்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, சிகாகோவின் மொனாட்நாக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். நிறமும் உருவமும் ஒத்துப்போவதால் தூரத்திலிருந்து ஒரே கட்டடமாகத்தான் தெரியும். வடக்குப் பாதியை 1891-இல் பர்னாம் - ரூட் நிறுவனம் செங்கல் சுவரை நம்பி 16 மாடிக்கு எழுப்பியது. 1893-இல் ஹோலபர்ட் - ரோச் நிறுவனம் தெற்குப் பாதியை எஃகுச் சட்டகத்தில் கட்டி முடித்தது.

வடக்கில் தரைத்தளச் சுவரின் தடிமன் 6 அடி. ஓர் ஆள் குறுக்கே கால் நீட்டிப் படுக்கலாம்! மேலே உள்ள அத்தனை மாடிகளின் எடையும் சேர்ந்துகொண்டே இறங்குவதால் அடியில் அவ்வளவு தடிமன். மேலே போகப் போகச் சுவர் மெலிகிறது. செங்கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசை என்றால் விரிசல் விட்டுவிடும். ஜன்னலை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் முடியாது, சுமக்கிற சுவர் குறைந்துபோகும். வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய கட்டடத்தில் தரைத்தளத்தைச் சுவரே விழுங்கினால் முதலாளிக்கு எப்படி இருக்கும்?

எடை இன்னொரு தலைவலி. அந்த ஊர் மண் இளகிய களிமண். 8 அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். காலப்போக்கில் 20 அங்குலம் இறங்கி, தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போக வேண்டியதாயிற்று.

தெற்கில் எடையைத் தூணும் உத்திரமும் ஏற்றுக்கொள்கின்றன. எஃகு அமுக்கம், இழுவிசை இரண்டையும் நன்றாகத் தாங்கும் என்பதால் தூண் ஒல்லியாக இருக்கலாம். சுவர் சுமக்க வேண்டியதில்லை என்பதால் ஜன்னல் அகலலாம். வெளியே தெரியும் செங்கலும் சுடுமண்ணும் வெறும் போர்வை. ஆனால் எஃகு கடும் தீயில் வலுவிழந்து வளைந்துவிடும். அதைச் சுற்றித் தீத்தடுப்பு பொதிந்தாக வேண்டும். 1871 தீயில் பெரும் பகுதியை இழந்த நகரத்துக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், வடக்குப் பாதி முழுக்கச் செங்கல் என்றும் நினைத்துவிடக் கூடாது. உள்ளே இரும்புத் தூண்கள் உண்டு. காற்றின் தள்ளலைச் சமாளிக்க இரும்புப் பிணைப்பும் உண்டு.

உயரம், இடம், வெளிச்சம் எதில் பார்த்தாலும் தெற்குதான், பேச்சே இல்லை. ஆனால் புதிதாகப் படிக்கிறவர்கள் வடக்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அடியில் சுவர் வெளிப்புறமாக வளைந்து அகலுவதைப் பார்த்தாலே சுமை எந்த வழியாக மண்ணுக்குப் போகிறது என்று பிடிபட்டுவிடும். தெற்கில் அதைக் கண்டுபிடிக்க வரைபடத்தைக் கையில் வாங்க வேண்டும்.