ஐஸ் ஹாக்கியில் யார் பெரியவர்: வேய்ன் கிரெட்ஸ்கியா, யாரோமிர் யாகரா?

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பேச்சே இல்லை, கிரெட்ஸ்கிதான்: வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் கோலும் உதவியும் சேர்த்து 2,857 புள்ளிகள், அதில் அடுத்தவர் கோலடிக்க உதவியது மட்டுமே 1,963. இரண்டாமிடத்தில் இருக்கும் யாகரின் மொத்தக் கணக்கே 1,921! கோல் வலைக்குப் பின்னால் ‘பக்’ எனும் ரப்பர் வட்டோடு நின்று, தடுப்பாட்டக்காரர் ஒரு பக்கம் பாய்ந்ததும் மறுபக்கம் தட்டிவிடுவார் கிரெட்ஸ்கி, உடம்பில் உரசலே இருக்காது.

யாகர் நேரெதிர். முதுகைக் காட்டி, இடுப்பால் ஆளை ஒதுக்கி, நீண்ட கைகளால் பக்கைக் காப்பவர், வேகம் குறைந்த பிறகும் அவருக்குச் சோறு போட்டது அதுதான்.

கிரெட்ஸ்கி 1999இல் 38 வயதில் விடைபெற்றார். யாகரோ 2008இல் ரஷ்யாவின் ஓம்ஸ்க் போய், மூன்று சீசன் ஆடி என்ஹெச்எல்லுக்குத் திரும்பி, அப்புறம் செக் நாட்டில் சொந்த ஊரான கிளாட்னோவில் ஐம்பது தாண்டியும் ஆடினார். ஆட்ட வாழ்க்கை என்று பார்த்தால் என் ஓட்டு இவருக்குத்தான். சரி, அங்கே அவரை யார் வெளியே உட்காரவைத்திருக்க முடியும், அப்போது அணியே அவருடையதுதானே!